ஒரே ஒரு வரி ஒட்டினால் போதும்

ஒரே ஒரு வரிதான், அதை நகல் எடுத்து ஒட்டினால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்தப் பக்கம் சொல்லியிருந்தது, சொன்ன விதம் எப்படியென்றால் கல்யாண வீட்டில் மாமா முறைக்காரர் ஒருவர் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, உட்காருங்க உட்காருங்க, இலை போட்டாச்சு என்று தோளை அமுக்குவாரே, அந்த விதம். பக்கம் இங்கிலீஷில்தான் இருந்தது. ஆனால் இசக்கிக்கு எதைப் படித்தாலும் ஒரு குரல் கேட்கும், கரண்ட் பில்லுக்கு ஒரு குரல், மாத்திரை அட்டையின் பின்பக்கத்துக்கு ஒரு குரல், இந்தப் பக்கத்துக்கு மாமா குரல், மாமா உட்காரச் சொன்னார், உட்கார்ந்துவிட்டாள், ஒட்டினாள், என்டரைத் தட்டினாள், இப்போது கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டிருக்கின்றன, ஸ்டேஷனில் நிற்காத ரயில் மாதிரி, எந்த ஊர் பெட்டி என்று வாசிப்பதற்குள் அடுத்த பெட்டி, அடுத்தது, அதற்கடுத்தது. பாளையங்கோட்டையில் ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற அந்தச் சின்ன ஆபீஸில் எல்லோரும் பின்னறையில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள், டிபன் மூடி திறக்கிற சத்தம், யாரோ வத்தக்குழம்பு கொண்டுவந்திருக்கிறார்கள், கீழே கடைக்காரர்கள் துணித் தானை மேசையில் அறைகிற சத்தம், இவை எல்லாம் ஒரு பக்கம் இருக்க, அந்த வரிகள் மட்டும் ஏன் இத்தனை ஓடுகின்றன, ஒரு எழுத்துரு, தமிழ் எழுத்து அச்சில் வருவதற்கு வேண்டிய ஒரு சின்ன மூட்டை, அதற்கு இவ்வளவு ஓட்டமா, ஒரு பை வெங்காயம் வாங்கப் போனவன் ஊரையே சுற்றிவிட்டு வருகிற மாதிரி. ஓடட்டும். பெரிய மூட்டையாக இருக்கும். தமிழுக்கு எழுத்து அதிகம்தானே. இப்படிச் சொல்லிக்கொண்டபோது அவள் கட்டைவிரல் தானாக மோதிரவிரலைச் சுரண்டிக்கொண்டிருந்ததை அவளே பார்த்து, கையை எடுத்து மடியில் வைத்தாள், மடியில் வைத்ததும் அது முழங்காலைச் சுரண்டியது.

அந்த வரி ஓடுவது அவள் மேசைக் கம்ப்யூட்டரில் என்றால் ஒன்றுமில்லை, போனால் போகிறது, அதில் இருப்பது நாலு பாட்டும் அவள் எடுத்த மிமிக்ரி வீடியோக்களும்தான். ஓடுவது சென்னையில் எங்கோ ஒரு குளிர் அறையில் இருக்கிற சர்வரில். தெற்கத்தி ஜில்லாக்களில் ஏழெட்டு டயாலிசிஸ் சென்டர்கள் அந்த ஒற்றை மெஷினை நம்பித்தான் இருக்கின்றன, யார் எந்தக் கிழமை எந்த நாற்காலி, யார் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் இழுக்க வேண்டும், யாருக்கு எந்த ஊசி ஆகாது, எல்லாம் அதற்குள். இது தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான், தெரிந்ததனால்தான் செய்தாள், ஏனென்றால் அந்தச் சென்டர்களில் அச்சடிக்கிற சீட்டில் போன வாரத்திலிருந்து நோயாளி பெயர் வரவில்லை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள், பெட்டி பெட்டியாக. கோவில்பட்டி சென்டர் ரோஸ்லின் சிஸ்டர் தினமும் போன் போட்டாள், மூக்கால் பேசுகிற சிஸ்டர், எடுத்த எடுப்பிலேயே பெருமூச்சு, "ஏ இசக்கி, இன்னைக்கும் பெட்டிதாம்ட்டி வருது, சுப்பையா பெரியவரு சீட்டைத் தூக்கி மூஞ்சியில காட்டுதாரு, எங்கப்பன் எனக்கு நாலு பெட்டின்னா பேரு வச்சான், நான் என்ன லாரியான்னு கேக்காரு, நான் என்ன சொல்ல?" இசக்கி அதை உடனே சிஸ்டர் மூக்கிலும் பெரியவர் தொண்டையிலும் மாற்றி மாற்றிச் செய்து காட்டினாள், ஆபீஸே சிரித்தது, ஆபிரகாம் அண்ணன் தண்ணீர் புரையேறி எழுந்து போனார். பெட்டியைச் சரிசெய்யத்தான் யாருக்கும் நேரம் இல்லை. அவளுக்கு நேரம் இருந்தது. டிப்ளமா முடித்துச் சேர்ந்த நாளிலிருந்து அவளை வேலைக்கென்று யார் கூப்பிட்டார்கள், ஏட்டி முதலாளி மாதிரி பேசு, ஏட்டி பஸ் கண்டக்டர் மாதிரி பேசு என்றுதான் கூப்பிட்டார்கள், அவளும் பேசினாள், பேசியது தப்பில்லை, சந்தோஷமாகத்தான் பேசினாள், ஆனால் ஒரு நாளாவது எல்லோரும் கை கழுவிவிட்டு வரும்போது, பெட்டி போயிட்டு, பெயர் வந்துட்டு என்று சும்மா சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதற்கு இவ்வளவு வரி ஓட வேண்டுமா.

ஒத்திகை மெஷின் என்று ஒன்று உண்டு, அசல் சர்வர் மாதிரியே ஜோடித்து மூலையில் வைத்தது, எதுவானாலும் முதலில் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒத்திகையில் ஓடாதது அசலில் ஓடக்கூடாது, இது ஜெபசெல்வி அக்காவின் சட்டம். ஜெபசெல்வி அக்காதான் சர்வருக்குப் பொறுப்பு, குரல் உயர்த்தாதவள், உயர்த்தாததனாலேயே எல்லோரும் கேட்பார்கள். ஆனால் ஒத்திகை மெஷினை ஆபிரகாம் அண்ணன் காலையிலிருந்து தன் சோதனைக்காகப் பிடித்து வைத்திருக்கிறார், அதைத் தொட்டால் அவர் வேலை கெட்டுப்போகும், அதனால்தான், அதனால் மட்டும்தான். சரி, அது மட்டுமில்லை. அசல் சர்வரிலிருந்து வெளியுலகத்துக்குப் போகிற கதவு எப்போதும் சாத்தியே இருக்கும், உள்ளேயிருந்து யாரும் வெளியே போய் எதையும் இறக்கிவர முடியாது, இறக்க வேண்டுமென்றால் சென்னைக் குளிர் அறையைக் காக்கிற தயாளன் அண்ணனுக்கு அக்கா போன் பண்ண வேண்டும். அவர் அக்காவை ஒரு நாளும் பார்த்ததில்லை, குரல்தான் அடையாளம். அவர் எடுத்ததும், சாப்பிட்டீங்களா மேடம் என்பார், காலை பத்து மணியானாலும் அதுதான். அக்கா, நீங்க சாப்பிட்டா நான் சாப்பிட்ட மாதிரி என்பாள். இந்த இரண்டு வசனமும் முடிந்தால்தான் கதவு. முதலில் மரியாதைக்கு ஆரம்பித்தது, அப்புறம் அதுவே பூட்டும் சாவியும் ஆகிவிட்டது, யாரும் எழுதி வைக்கவில்லை, ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், கேட்டுக் கேட்டு இசக்கிக்கு அதில் அக்கா எங்கே மூச்சு விடுவாள் என்பதுவரை தெரியும். "நீங்க சாப்பிட்டா," இந்த இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு மூக்கோடு நின்றுவிடும், "நான் சாப்பிட்ட மாதிரி." இன்றைக்கு அக்கா டிபன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு ஆபீஸ் போனை எடுத்து அந்தச் சிரிப்போடு சேர்த்துச் சொன்னவள் இசக்கி. "சொல்லுங்க மேடம், கதவா, தோ தொறந்துட்டேன், வேலை முடிஞ்சா ஒரு மிஸ்டு கால் குடுங்க." இவ்வளவு சுலபம். போனை வைத்தபோது உள்ளங்கால்வரை ஒரு கிச்சுகிச்சு, மேடையில் கைதட்டு வாங்கினால் வருமே, அது. கைதட்ட ஆள்தான் இல்லை.

அந்தக் கிச்சுகிச்சு இப்போது எங்கே போயிற்று என்று தேடினால் வயிற்றில் வேறு என்னவோ உட்கார்ந்திருக்கிறது. பயம் இல்லை, பசி. பசிதான். சாப்பிடவில்லையே. ஓடுகிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று அந்த வரி எதை இறக்கியதோ அதைத் தன் பக்கத்துத் திரையில் திறந்தாள், வாசிக்கத் திறக்கவில்லை, சும்மா மேயத்தான். அந்த வரிக்கு அர்த்தம் என்னவென்றால், இந்த முகவரியில் ஒரு தாள் இருக்கிறது, அதை எடுத்து வா, அதில் என்ன எழுதியிருந்தாலும், என்ன எழுதியிருந்தாலும், வீட்டுக்காரர் சொன்னதாக நினைத்து அப்படியே செய். இதைப் பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள். தாளின் மேல்பாதி நன்றாக இருந்தது, எழுத்துருவை எடு, இங்கே வை, அனுமதி கொடு, மாமா சிரித்த முகமாக இலையில் உப்பு வைக்கிறார், கூட்டு வைக்கிறார். கீழே போகப்போக ஓர் இடத்தில் ஒரு நீளமான வரி, அர்த்தமே இல்லாத எழுத்துக் குப்பை, பிள்ளை கீபோர்டில் ஏறி உட்கார்ந்த மாதிரி. அதை அவிழ்த்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அவளுக்குத் தெரியும், கை அவிழ்த்தது, மனசு வேண்டாம் என்றது, கை கேட்கவில்லை. அவிழ்ந்ததில் இன்னொரு முகவரி, பெயர் இல்லாமல் வெறும் எண்களாக. அங்கே போய் இன்னொரு தாளை எடுத்து வா, அதில் என்ன எழுதியிருந்தாலும். எழுத்துருவுக்கு எதற்கு இன்னொரு தாள். எழுத்துருவை யாராவது பொட்டலத்துக்குள் பொட்டலமாகச் சுற்றி மறைப்பார்களா. இருக்கலாம், பெரிய பெரிய ஆட்கள் எழுதுவது, நமக்குப் புரியாததெல்லாம் கெட்டதா என்ன. மாமா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். மாமா எந்த வீட்டு மாமா என்று அவள் இப்போதுதான் யோசிக்கிறாள். பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெண் வீட்டு ஆள் என்று நினைத்தார்கள்.

நிறுத்திவிடலாம். கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்கினால் நின்றுவிடும். பாதியில் நிறுத்தினால் பாதி பழசு பாதி புதுசாகக் கிடந்து மொத்தமும் படுத்துவிட்டால், மதியம் ஷிஃப்ட் ஆரம்பிக்கப் போகிறது, கோவில்பட்டியில் இந்நேரம் பெரியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நிறுத்தாவிட்டால். நிறுத்தினால். அவள் அமுக்கினாள். வரி நின்றது. நின்ற திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் துடித்தது, அப்பாடா என்றுகூட நினைத்துவிட்டாள், நினைத்துவிட்டுத்தான் மெஷினுக்குள் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டச் சொன்னாள். காட்டியது. மேலே, எல்லாவற்றுக்கும் மேலே, மெஷினின் மொத்த மூச்சையும் இழுத்துக்கொண்டு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, அதன் பெயர் மெஷினுக்கே உரிய உள்வேலை ஒன்றின் பெயர் மாதிரி இருந்தது, மாதிரிதான், ஓர் எழுத்து கூடுதல். வீட்டு ஆள் மாதிரி லுங்கி கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறான். அதைக் கொன்றாள். செத்தது. அவள் மூச்சு விட்டு முடிப்பதற்குள் வேறு எண்ணோடு மறுபடி எழுந்து நின்றது. மறுபடி கொன்றாள். மறுபடி. யாரை எல்லாம் உள்ளே விடலாம் என்கிற இடத்தில் போய்ப் பார்த்தாள், அங்கே அக்காவின் சாவி, ஆபிரகாம் அண்ணன் சாவி, அவளுடையது, மூன்றுதான் இருக்க வேண்டும், மூன்றுக்குக் கீழே ஒன்று புதிதாக உட்கார்ந்திருந்தது, ஊர் பேர் தெரியாத ஒன்று. காதுக்குள் கீழ்க்கடைத் துணித் தான் சத்தம் தூரமாகப் போய்விட்டது.

அப்பா ஞாபகம் வந்தது, இந்த நேரத்தில் அப்பா எதற்கு. அப்பா தெருவில் எல்லோருக்கும் புத்தி சொல்வார், எவன் போன் பண்ணி பேங்க்குன்னு சொன்னாலும் கார்டு நம்பர் சொல்லாதீங்கல, நாசமாப் போவீங்க என்று. ஒரு நாள் இசக்கி மாடிப்படிக்குக் கீழே நின்று தோழி போனிலிருந்து, குட் மார்னிங் சார், நாங்க பேங்க்ல இருந்து, என்று கொஞ்சம் தேன் தடவிப் பேசினாள், அப்பா சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து, கண்ணாடி போட்டு, கடைசி நம்பர் வரைக்கும் வாசித்தார், பின்னாடி இருக்கிற மூன்று நம்பரை அவள் கேட்காமலே வாசித்தார். அவள் படிக்கட்டுக்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு உருண்டாள். அம்மா கேட்டாள், ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீங்க ஏன் சொன்னீங்க? அப்பா கொஞ்ச நேரம் கார்டையே பார்த்துவிட்டுச் சொன்னார், "குரலு நல்ல குரலா இருந்துச்சுட்டி." அதையும் அவள் ஒரு வாரம் செய்து காட்டினாள், வந்தவர் போனவருக்கெல்லாம், குரலு நல்ல குரலா இருந்துச்சுட்டி. பக்கம் நல்ல பக்கமா இருந்துச்சுப்பா. பச்சை நிற பொத்தான், நகல் எடுக்க வசதியாக ஓரத்தில் ஒரு குறி, கீழே நாலு பேர் நன்றி நன்றி என்று எழுதியிருந்தார்கள், அந்த நாலு பேரும் ஒரே ஆள், நாலு குரல், அவள் எப்படிக் கண்டுபிடிக்காமல் போனாள், அவள், இசக்கி, ஒரு வாயில் ஒரு பஸ் கூட்டத்தையே கொண்டுவருகிறவள். வாய் முழுக்க எச்சில் ஊறியது, விழுங்க முடியவில்லை.

அணைத்துவிட்டால்? அணைக்கக்கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள், என்றைக்கோ டீ குடிக்கும்போது, சந்தேகமா இருந்தா மெஷினை அணைக்காத, நெட் வயரை மட்டும் உருவு, உள்ள நடக்கிறது உள்ளயே நிக்கட்டும், அணைச்சா தடயமும் போயிரும், திரும்ப எந்திரிக்கும்போது யாருக்காக எந்திரிக்குமோ தெரியாது. வயர் சென்னையில் இருக்கிறது. தயாளன் அண்ணன் கையில். அவள் போனை எடுத்தாள், மணி அடித்தது. "சாப்பிட்டீங்களா மேடம்?" "அண்ணே, மேடம் இல்ல, நான் இசக்கி, அதே ஆபீஸ்தான்." "யாரு?" "இசக்கிண்ணே. எங்க சர்வருக்கு வயரை உருவணும். இப்பவே. உள்ள யாரோ வந்துட்டாங்க." எதிர்ப்பக்கம் மின்விசிறி இரைகிற சத்தம். "அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி சர்வர், நீ யாருன்னே தெரியாது, நீ சொன்னா நான் புடுங்கிட்டு உக்காரணுமா? மேடத்தைப் பேசச் சொல்லுமா." "மேடம் சாப்பிடுதாங்க." "இப்பதானே கதவைத் தொறக்கச் சொன்னாங்க." "அது மேடம் இல்லண்ணே. நான்தான். மேடம் மாதிரி." "கலாய்க்கிறியா?" என்றார் தயாளன், "வேலை நேரத்துல," என்றார், வைத்துவிட்டார்.

வழி ஒன்று இருந்தது, அதுதான் நாக்கு நுனியிலேயே உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது. மறுபடி போடு. சிரிப்பை மூக்கோடு நிறுத்து. நீங்க சாப்பிட்டா நான் சாப்பிட்ட மாதிரி. அந்தப் பொண்ணு வெளையாட்டுப் பிள்ளை தயாளன், கண்டுக்காதீங்க, வயரை உருவிருங்க. உருவிவிடுவார். யாருக்கும் தெரியாது. சர்வர் ஏன் படுத்தது என்று கேட்டால் மேடம்தான் போன் பண்ணினார் என்று தயாளன் சொல்வார், மேடம்தான் கதவையும் திறக்கச் சொன்னார் என்று சொல்வார், நேரம்கூடச் சொல்வார், அங்கே வருகிற போனெல்லாம் பதிவாகும். அக்கா நான் பேசவே இல்லையே என்பாள், மெதுவாகத்தான் சொல்வாள், அவளுக்குச் சத்தமாகச் சொல்லத் தெரியாது. பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். அவள் குரல் அவளையே பார்த்துச் சிரிக்கும், சிரிப்பு மூக்கோடு நிற்கும். நாற்காலியிலிருந்து எழுந்தது இசக்கிக்குத் தெரியாது, நாற்காலி உருண்டு போய் ஆபிரகாம் அண்ணன் மேசையில் முட்டிய பிறகுதான் தெரிந்தது. எட்டே எட்டு வைத்தால் பின்னறை. அந்த இடைவெளியில் எத்தனை விதமாகச் சொல்வது என்று வாய் ஒத்திகை பார்த்தது, ஒத்திகை, இதற்கு மட்டும் ஒத்திகை, முதலாளி குரலில் சொன்னால் சிரிப்பார்கள், சிஸ்டர் குரலில் சொன்னால் சிரிப்பார்கள், எந்தக் குரலை எடுத்தாலும் அதன் பின்னால் ஒரு சிரிப்பு தயாராக நிற்கிறது, அவளே நிறுத்தி வைத்தது.

பின்னறையில் பேப்பர் விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆபிரகாம் அண்ணன்தான் முதலில் பார்த்தார். "வந்துட்டாய்யா நம்ம ரேடியோ பெட்டி. ஏட்டி, அந்த சுப்பையா பெரியவரை ஒரு தடவ எடுத்து விடு, புது ஆளு கேட்டதில்ல." மூலையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாயில் கவளத்தோடு ஆவலாகப் பார்த்தார். "அக்கா," என்றாள் இசக்கி. "சர்வர்ல நான் ஒரு வரி ஓட்டிட்டேன். வெளிய இருந்து எடுத்தது. வாசிக்காம. இப்ப உள்ள யாரோ இருக்காங்க, கொன்னா திரும்ப எந்திரிக்கி, புதுசா ஒரு சாவி இருக்கு." ஆபிரகாம் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இது யாரு குரலுட்டி? நல்லாருக்கே, அழுகை கலந்து. யாருன்னு பிடிபடலையே." புது ஆளும் சிரித்தார், சிரிப்பது மரியாதை என்று நினைத்து. ஜெபசெல்வி அக்கா தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் பிசைவதை நிறுத்தினாள். அவள் இசக்கியின் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அது முழங்காலையோ மோதிரவிரலையோ சுரண்டவில்லை, கதவு நிலையைப் பிடித்திருந்தது, நகக்கண் வெளுத்திருந்தது. "கதவு சாத்தியிருக்குமே," என்றாள் அக்கா. "நான்தான் தொறக்கச் சொன்னேன். உங்க மாதிரி." இப்போது யாரும் சிரிக்கவில்லை. கீழ்க்கடையில் தானை அறைந்தார்கள், ஒன்று, இன்னொன்று. அக்கா எழுந்தாள், கை கழுவவில்லை, சோறு ஒட்டின வலது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள், ஐயோ திட்டிவிடு அக்கா, மூதி என்று ஒரு தடவை சொல்லிவிடு என்று இசக்கி பின்னாலேயே போனாள். அக்கா திட்டவில்லை. இடது கையால் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

மணி நிறைய நேரம் அடித்தது. எடுத்தவர் சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. "யாரு?" என்றார். "தயாளன், ஜெபசெல்வி பேசுதேன். எங்க மெஷின் வயரை உருவிருங்க." "அப்படியா மேடம்," என்றார் தயாளன். சட்டென்று இல்லாமல், யோசித்துப் பேசினார். "ஒரு நாள்ல மூணாவது போன். மொதல் போன்ல மேடம் பேசுனீங்க. ரெண்டாவது போன்ல ஒரு பொண்ணு, மேடம் பேசலை, நான்தான் பேசுனேன்னு சொல்லுச்சு. இப்ப திரும்ப மேடம். இப்ப நீங்க யாருன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" அக்கா வாயைத் திறந்தாள், "நீங்க சாப்பிட்டா," என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள், அந்த வாசகம் இனி செல்லாது என்று அவள் முகத்தில் தெரிந்தது, எத்தனையோ வருஷமாகச் சொல்லிவந்தது, இசக்கி ஒரு தடவை சொன்னதில் போய்விட்டது. பக்கத்துத் திரையில் அந்த லுங்கிக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தான், ஒரு நொடிக்கு எத்தனை பெயர், எத்தனை நாற்காலி, எந்த ஊசி யாருக்கு ஆகாது, எல்லாம் வெளியே போய்க்கொண்டிருக்குமோ. இசக்கி போனுக்கு மேல் குனிந்தாள். "அண்ணே, நான் இசக்கி. மேடமும் பக்கத்துல இருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுதோம். ரெண்டு குரலை ஒரு வாயால ஒரே நேரத்துல பேச முடியாதுண்ணே. என்னாலயும் முடியாது. நான் செஞ்சு பாத்திருக்கேன்." "பேசுங்க," என்றார். அக்கா அவளைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, ஆனாலும் ஒன்றாகவே வந்தது, ஒருத்தி மெதுவாக, ஒருத்தி உடைந்து. "உருவுங்க." "உருவுங்கண்ணே." இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு போயிற்று. "மறுபடி," என்றார் தயாளன். மறுபடி சொன்னார்கள். தயாளன் வயரை உருவியிருக்க வேண்டும், கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு துடிப்பதை நிறுத்தியது.

அப்புறம்தான் அக்கா கை கழுவினாள். நேற்று ராத்திரி வரைக்குமான நகல் தனியாகப் பத்திரமாக இருக்கிறது, அதை வைத்துப் புது மெஷினை எழுப்பச் சாயந்திரம் ஆகும், இந்த மெஷினை யாரும் தொடக்கூடாது, என்ன போயிற்று என்று அப்புறம் பார்க்கலாம், ஆபிரகாம் நீ நகலை எடு, முதலாளிகிட்ட நான் பேசுதேன், இவ்வளவையும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள். "என்ன சொல்லுவீங்க?" என்று இசக்கி கேட்டாள். "நடந்ததை. நீயும் கூட வரணும்." "வாரேன்." "இப்ப சென்டருக்கெல்லாம் நீ போன் பண்ணு. சாயந்திரம் வரைக்கும் கையால எழுதச் சொல்லு. ஊசி, தண்ணி அளவெல்லாம் பேப்பர் ஃபைலைப் பாத்து, ரெண்டு பேரு சரிபார்த்து எழுதணும்." அவள் கோவில்பட்டிக்குப் போட்டாள், எடுத்த எடுப்பில் அந்தப் பெருமூச்சு. இசக்கி சொன்னாள், முழுவதும், மாற்றாமல். ரோஸ்லின் சிஸ்டர், "நெசமா இசக்கிதானா? யார் மாதிரியும் பேசலையே," என்றாள். "நான்தான் சிஸ்டர்." "பேசுதது ஒரு மாதிரி இருக்கேட்டி." "ஆமா சிஸ்டர்." போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஃபைலைப் புரட்டுகிற சத்தம், இன்னொரு சிஸ்டரைக் கூப்பிடுகிற சத்தம், ஊசி இது, சரி, தண்ணி இவ்வளவு, சரி, பிறகு பேனா தாளில் உரசுகிற சத்தம், எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னாள், சு, ப், பை, யா. சீட்டைக் கிழித்துக் கொடுத்திருக்க வேண்டும், பின்னால் ஒரு கரகரத்த குரல் கேட்டது, அந்தத் தொண்டையை இசக்கி எத்தனை தடவை செய்திருப்பாள், ஒன்றுகூட இப்படி வந்ததில்லை. "எம் பெட்டியெல்லாம் எங்க போச்சு தாயி? நல்லாத்தானே இருந்துச்சு." சிஸ்டர் சிரித்துவிட்டாள். இசக்கிக்கு நாக்கு ஒரு துள்ளுத் துள்ளியது, அந்தக் கரகரப்பு, அந்த இழுவை, எங்க போச்சு தாயி, அடியிலிருந்து எழும்பித் தொண்டைவரை வந்து நின்றது. அதைப் பிடித்து விழுங்கினாள், இந்தத் தடவை விழுங்க முடிந்தது. அடுத்த சென்டருக்கு நம்பரைப் போட்டாள், எடுத்தார்கள், யாரு என்றார்கள். "இசக்கி பேசுதேன்," என்றாள்.